பொருத்தமும் பொருளும்: தமிழ் மரபில் துணைத்தேர்வு அளவுகோல்களின் வரலாறு

முன்னுரை

பண்டைத் தமிழர் மணவாழ்வு பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப இடம்பெற்று வருகிறது. சங்க காலத்தில் அன்பு ஒன்றே மணத்திற்கு அடிப்படையாக இருந்தது என்பதும், பொருளும் பணியும் பிற்காலத்தில்தான் மணத்திற்குள் புகுந்தன என்பதும் அக்கருத்தின் சாரம். இது பெருமிதம் தரும் கருத்தாயினும் இலக்கியச் சான்றுகள் இதனை முழுமையாக ஆதரிக்கவில்லை. துணையைத் தேர்வதில் உழைப்பும் செல்வமும் தமிழ் நூல்களில் தொடக்கம் முதலே பேசப்படுகின்றன. காலந்தோறும் மாறிவந்தவை வேறு: யாருடைய உழைப்பு கணக்கிடப்பட்டது, பொருள் எத்திசையில் கைமாறியது, பொருத்தம் பார்ப்பவர் யார் என்பனவே அவை. இம்மூன்று வினாக்களையும் முன்வைத்துத் தொல்காப்பியம் தொடங்கி இருபத்தொன்றாம் நூற்றாண்டுவரையிலான சான்றுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொல்காப்பியத்தின் இரு பட்டியல்கள்

தலைவனும் தலைவியும் ஒத்தவராக இருத்தல் வேண்டும் என்று களவியல் விதிக்கிறது. தலைவன் உயர்ந்தவனாயினும் விலக்கில்லை என்று அவ்விதிக்கு ஒரு தளர்ச்சியையும் அளிக்கிறது. தலைவி உயர்ந்தவளாக இருப்பதற்கு அத்தகைய இசைவு இல்லை. ஒப்புமை பேசும் இடத்திலேயே ஒரு சாய்வும் அமைந்துள்ளமை கருதத்தக்கது.

இவ்வொப்புமையின் கூறுகளை மெய்ப்பாட்டியல் பத்தாக வகுக்கிறது. ஒத்த பிறப்பு, ஒத்த ஒழுக்கம் எனக் கொள்ளப்படும் குடிமை, வயது, தோற்றம், முயற்சியுடைமை எனப் பொருள் விரியும் ஆண்மை ஆகியவை புறத்தார் காணக்கூடியவை. காம உணர்வின் நிலைபேறு, நிறை, அருள், ஒருவர் கருத்தை மற்றவர் அறியும் உணர்வு ஆகியவை அகத்தைச் சார்ந்தவை. எஞ்சிய ஒன்று திரு. இப்பத்தாவது கூறே உரையாசிரியர்களைப் பிரிக்கிறது. இளம்பூரணர் திரு என்பதற்குச் செல்வம் என்று பொருள் கொள்கிறார். பிற்பட்டவரான பேராசிரியரோ அதனைப் பொருளுடைமையாகக் கொள்ளாது, உள்ளத்தில் நிகழும் திருத்தகு தன்மையாகக் கொள்கிறார். ஒரு சொல்லுக்கான உரைவேறுபாடாகத் தோன்றும் இது, உண்மையில் துணைத்தேர்வில் செல்வத்திற்கு இடமுண்டா என்னும் வினாவுக்குத் தரப்பட்ட இரு விடைகளாகும்.

பொருத்தம் கூறும் நூற்பாவை அடுத்து, இருத்தலாகாத குணங்களையும் தொல்காப்பியர் தொகுத்துரைக்கிறார். பொறாமை, கொடுமை, தன்னை வியத்தல், புறங்கூறல், கடுஞ்சொல், கடைப்பிடியின்மை, சோம்பல் முதலியன அத்தொகுப்பில் அடங்கும். இப்பட்டியலில் இரண்டு கூறுகள் தனிக் கவனத்திற்குரியவை. ஒன்று, தன் குடிப்பிறப்பை எண்ணி இன்புறுதல். முதற்பட்டியலில் தகுதியாக நிற்கும் குடிமை, அதனையே பெருமையாகப் பேசித் திரியும்போது இரண்டாம் பட்டியலில் குற்றமாகிவிடுகிறது. மற்றொன்று ஏழைமை. இன்றைய வழக்கில் இது வறுமையைக் குறிக்கும். ஆயின் இவ்விடத்து உரையாளர் பேதைமை என்னும் பொருளையே கொள்வர். வறுமை அப்பட்டியலில் இல்லை; சோம்பல் இருக்கிறது. பொருளில்லாமை குற்றமன்று, முயற்சியில்லாமையே குற்றம் என்னும் கருத்தை இதிலிருந்து பெறலாம்.

உழைப்பே விலையாக

சங்கப் பாடல்களில் மணம் வேண்டும் ஆண்மகன் பொருள் தரக் கடமைப்பட்டவனாகவே பெரிதும் காட்டப்படுகிறான். வரைவிடை வைத்துப் பொருள்வயிற் பிரிதல் என்பது அகப்பொருள் மரபில் தனித்துறையாகவே அமைந்துள்ளது. களவில் கூடிய தலைவன் வரைவுக்கு வேண்டிய பொருளை ஈட்டும்பொருட்டுப் பிரிவதே அத்துறை. ஆடவர்க்குத் தொழிலே உயிர் என்னும் கருத்தைக் கூறும் குறுந்தொகை 135ஆம் பாடலும் இச்சூழலில் பொருந்தி வருகிறது. அப்பாடல் மகளிர்க்குக் கணவனே உயிர் என்று தொடர்வதையும் மறத்தற்கில்லை. உழைப்பு ஆணின் தகுதியாகவும் சார்பு பெண்ணின் இயல்பாகவும் அங்கே பங்கிடப்பட்டுவிடுகின்றன.

பொருளால் பெறமுடியாத இடத்தில் உழைப்பை விலையாகத் தரலாம் என்னும் எண்ணம் அம்மூவனாரின் அகநானூற்றுப் பாடலில் (280) வெளிப்படுகிறது. அரிய அணிகலன்களும் நிறைந்த செல்வமும் கொடுத்தாலும் நெய்தல்நிலப் பெண்ணைப் பெறுதல் அரிது என்பதைத் தலைவன் உணர்கிறான். தன் ஊரை விட்டு வந்து, அவள் தந்தையாகிய பரதவனோடு உப்பளத்தில் உழன்று, ஆழ்கடலுக்கு உடன்சென்று, பணிந்து அருகிலேயே இருந்தால் அவன் மகளைத் தருவானோ என்று எண்ணிப் பார்க்கிறான். மாமனார் வீட்டில் உழைத்து மணம் பெறும் வழக்கத்தை மானிடவியலார் பல இனக்குழுக்களிடம் கண்டு பதிவு செய்துள்ளனர். அதன் சாயலைத் தமிழில் காட்டும் மிகத் தெளிவான சான்று இப்பாடல் எனலாம்.

முல்லைக்கலியில் விலையும் வீரமும் நேருக்கு நேர் வைக்கப்படுகின்றன. கொல்லும் காளையின் கொம்புகளுக்கிடையே அஞ்சாது புகும் ஆண்மகனிடம் ஆயர்குலத்தார் மகட்கொடைக்கு வேறு விலை வேண்டார் என்னும் கருத்து அங்கு இடம்பெறுகிறது. விலை வேண்டாம் என்று ஓர் இனத்தார் கூறவேண்டுமாயின், விலை வேண்டுதல் பொதுவழக்காக இருந்திருத்தல் வேண்டும். மேலும், காளையை அடக்குதல் கால்நடை மேய்க்கும் தொழிலோடு நேரடித் தொடர்புடைய திறன். ஆகவே ஏறுதழுவல் வீரத்தேர்வு மட்டுமன்று, தொழில்தேர்வுமாகும். இறையனார் களவியலுரை கொல்லேறு தழுவிப் பெறும் மணத்தை எண்வகை மணங்களுள் அசுரத்தில் அடக்குகிறது. வடமொழித் தரும நூல்களில் அசுரம் என்பது பெண்ணின் உறவினர்க்குப் பொருள் தந்து பெறும் மணம். செயலையும் பொருளையும் ஒரே வகையின்கீழ் வைத்து எண்ண உரைமரபு தயங்கவில்லை என்பதை இது உணர்த்துகிறது.

பொருளை மறுத்த குரல்கள்

பொருள் பேசப்பட்டது என்பதனாலேயே பொருள் எப்போதும் வென்றது என்று கொள்ளுதல் பிழையாகும். மகட்பாற்காஞ்சித் துறைப் பாடல்களில் வேந்தர்க்கும் பெண் மறுக்கப்படுகிறது. பரணர் பாடிய புறநானூறு 343இல் முசிறித் துறையின் வளம் விரித்துரைக்கப்படுகிறது. அத்தகைய பெருஞ்செல்வத்தைப் பணிந்து கொடுத்தாலும் தனக்கு ஒப்பில்லாதவரை அவள் ஏலாள் என்று கூறித் தந்தையும் மறுக்கிறான். செல்வம் ஒப்புமைக்கு ஈடாகாது என்னும் நிலைப்பாடு இதில் உறுதியாகிறது. ஆயினும் இம்மறுப்பின் விலை போர். ஊர் அழியுமோ என்னும் அச்சம் அத்துறைப் பாடல்கள் பலவற்றில் இழையோடுகிறது.

நற்றிணை 45இல் செல்வ வேறுபாடு வேறு கோணத்தில் எழுகிறது. தேர்வளம் மிக்க மூதூர்ச் செல்வனின் மகனிடம், மீன் பிடிக்கும் பரதவர் மகளுக்கும் அவனுக்கும் என்ன பொருத்தம் என்று தோழி வினவுகிறாள். மீன் நாறும் தங்கள் வாழ்வை அவள் மறைக்கவில்லை. தங்கள் குலத்திலும் சிறப்புடைய ஆடவர் உளர் என்று கூறி அவனை விலகச் சொல்கிறாள். தோழியின் கூற்று வரைவு கடாவும் உத்தியாகக் கொள்ளப்படினும், தொழிலைத் தாழ்வாகக் கருதாத தன்மதிப்பு அதில் வெளிப்படையாகும்.

செல்வம் நீங்கிய பெண்டிர்க்கு நேர்ந்ததைப் பாரிமகளிர் நிகழ்வு காட்டும். தந்தையையும் நாட்டையும் இழந்த அவர்களைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்றார் (புறம் 200, 201). அவர்களிடம் பொருள் இல்லை; தந்தையின் புகழே கபிலர் முன்வைத்த தகுதி. இருங்கோவேள் மறுத்தபின் சினந்து பாடியது புறம் 202. குடிப்பிறப்பும் கொடைப்புகழும் மட்டும் போதுமா என்ற வினாவுக்கு அக்காலச் சமூகம் அளித்த விடை இதுவாகும்.

மணத்திற்குப் பின் பொருள் குறையும் நிலையைப் போதனாரின் நற்றிணைப் பாடல் (110) கூறுகிறது. செல்வர் வீட்டில் பாலுணவை மறுத்து ஓடி விளையாடிய பெண், கணவன் குடி வறுமையுற்ற காலத்தில் தந்தை வீட்டு வளத்தை நினையாமல் ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்ணும் பக்குவம் பெற்றாள் என்பது செய்தி. இது பெண்ணின் பெருமையாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. ஆயின் பொருட்குறையின் சுமை யார்மீது இறங்கியது என்பதையும் அப்பாடலே பதிவு செய்துள்ளது. திருவள்ளுவர் வாழ்க்கைத்துணைக்கு வகுக்கும் இலக்கணத்திலும் கணவனின் வருவாய்க்கு ஏற்ப இல்லறம் நடத்துதல் மனைவியின் கடமையாகிறது.

காப்பியமும் கல்வெட்டும்

சங்க அகப்பாடல்களில் கண்ட இருவரது தேர்வு, சிலப்பதிகாரத்தில் இருகுடும்பத் தேர்வாகிவிடுகிறது. கண்ணகிக்கு வயது 12; கோவலனுக்கு 16. இருவரும் புகார் நகரப் பெருவணிகர் மக்கள். பெற்றோர் மணநாளைக் காண விழைந்து ஊர்க்கு அறிவிக்கின்றனர். ஒத்த குலமும் ஒத்த தொழிலும் ஒத்த செல்வமும் கூடிய மணம் அது. தொல்காப்பியர் கூறிய புறப்பொருத்தங்கள் குறைவின்றி அமைந்தும், அகப்பொருத்தங்களை யாரும் வினவவில்லை. பின்னர்க் கோவலன் குலம் தந்த செல்வத்தைத் தொலைத்த நிலையில், மனைவியின் சிலம்பே வணிகத்திற்கு முதலாகக் கருதப்படுகிறது. மகளிர் அணிகலன் குடும்பத்தின் இறுதிக் காப்பாக நிற்கும் நிலை அன்றே இருந்ததைக் காப்பியம் காட்டுகிறது.

மணத்தில் பொருள் கைமாறிய திசையை உறுதிப்படுத்தும் அரிய சான்று, வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் கோயிற் கல்வெட்டு. விசயநகர வேந்தர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1426ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட இதில், படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் செய்துகொண்ட உடன்பாடு பதிவாகியுள்ளது. கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் ஆகிய பிரிவினர் அனைவரும் இனிக் கன்னிகாதானமாகவே மணம் செய்யவேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்குரியவர். அவர்கள் பிராமணியத்திற்குப் புறம்பானவர் என்பது அதன் கருத்து. பெண்வீட்டார் பொன் பெறும் வழக்கம் அந்தணரிடையேயும் தடைசெய்ய வேண்டிய அளவுக்குப் பரவியிருந்தது என்பது இதனால் விளங்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் தடுக்கப்பட்டது மணமகன் கேட்ட பணமன்று. மணமகளின் தந்தை பெற்ற பொன். இன்றும் தமிழகத்தில் நிச்சயச் சடங்கைப் பரிசம் போடுதல் என்று வழங்குவது பழைய திசையின் எச்சமே.

பத்தின் உள்ளடக்கம் மாறியமை

தமிழர் மணப்பேச்சில் பத்துப் பொருத்தம் என்றால் இன்று சோதிடப் பொருத்தமே நினைவுக்கு வரும். தினம், கணம், மகேந்திரம், பெண்தீர்க்கம், யோனி, இராசி, இராசி அதிபதி, வசியம், இரச்சு, வேதை என்பன அவை. தொல்காப்பியப் பத்துக்கும் இப்பத்துக்கும் எண்ணிக்கையைத் தவிர வேறு தொடர்பு இருப்பதாகக் கொள்ளச் சான்றில்லை. எனினும் இரண்டையும் ஒப்புநோக்குதல் பயன்தரும். முன்னதைக் காண்பதற்கு இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும். அருளையும் உணர்வையும் நிறையையும் பழகாமல் அறிய இயலாது. பின்னதற்குப் பிறந்த நேரம் தெரிந்தால் போதும். மணமக்கள் சந்திக்கவும் வேண்டுவதில்லை. பொருத்தம் பார்க்கும் உரிமை மணமக்களிடமிருந்து மூத்தோரிடம் சென்ற வரலாற்றுக்கு ஏற்ற கருவியாகச் சோதிடப் பொருத்தம் அமைந்தது எனலாம்.

சம்பளமும் வரதட்சிணையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணைத்தேர்வின் அளவுகோலில் ஒரு புதிய கூறு சேர்ந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபின் பட்டமும் அரசுப் பணியும் மாதச் சம்பளமும் மணமகனின் தகுதிகளாயின. நிலமும் வணிகமும் கூட்டுக்குடும்பத்தின் உடைமைகள். சம்பளமோ தனிமனிதனின் வருவாய். கல்வியால் ஈட்டிய பொருள் ஈட்டியவனுக்கே உரியது என்று 1930ஆம் ஆண்டின் இந்து கல்வி ஈட்டச் சட்டம் உறுதிசெய்தபோது, இம்மாற்றம் சட்ட வடிவமும் பெற்றது.

பட்டம் பெற்றவர் சிலர். அவரை நாடிய குடும்பங்கள் பல. இதன் விளைவாகப் பொருள் கைமாறும் திசை தலைகீழாயிற்று. மணமகன் வீட்டார் கேட்டுப் பெறும் வரதட்சிணை, பழைய சீதனத்தின் தொடர்ச்சியன்று என்பதைச் சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ் 1984இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தினார். சீதனம் பெண்ணுக்கு உரியது. வரதட்சிணை மணமகன் குடும்பத்திற்குச் செல்வது. பணப்பொருளாதாரம், கல்வி, நிலையான வேலை ஆகியவற்றோடு வளர்ந்த இதனை மணமகன் விலை என்றே கொள்ளலாம் என்பது அவர் கருத்து. பதினைந்தாம் நூற்றாண்டு உடன்பாடு தூயதெனப் போற்றிய கன்னிகாதானம் என்னும் வடிவமே, பின்னர் மணமகன் விலைக்கு மதிப்பான போர்வையாக அமைந்தது என்பது வரலாற்று முரணாகும்.

இம்மாற்றத்தைப் புனைகதை உடனுக்குடன் பதிவு செய்தது. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் வேதநாயகம் பிள்ளை, ஞானாம்பாளின் கல்வியையும் மதிநுட்பத்தையும் அவளது முதன்மையான தகுதிகளாகக் காட்டினார். 1938–39இல் தொடராக வந்து திரைப்படமாகவும் அமைந்த கல்கியின் தியாகபூமியில், புகுந்த வீட்டின் கொடுமைக்கு ஆளான சாவித்திரி பின்னர்ப் பெருஞ்செல்வியாகிறாள். மீண்டும் சேர்ந்து வாழ அழைக்கும் கணவனை மறுக்கிறாள். அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தர முன்வருகிறாள். பொருள் பெண்ணின் கையில் இருந்தால் மணவுறவின் இலக்கணம் எவ்வாறு மாறும் என்பதை அக்கதை எண்ணிப் பார்க்கச் செய்தது.

இருபதாம் நூற்றாண்டின் மறுசிந்தனை

பெண் விடுதலைக்கான தொடக்கப் படிகளைக் கட்டுரையாக எழுதிய பாரதியார், விருப்பமில்லாதவரை மணக்குமாறு பெண்ணை வற்புறுத்தலாகாது என்றார். தந்தைவழிச் சொத்தில் பெண்மக்களுக்குச் சமபங்கு வேண்டும் என்றார். மணம் செய்யாமல் தொழில் செய்து மதிப்புடன் வாழ விரும்பும் பெண்ணுக்கும் இடமளிக்கவேண்டும் என்றார். தேர்வுரிமையும் சொத்துரிமையும் தொழிலுரிமையும் ஒரே பட்டியலில் இணைந்து நிற்பது இங்குக் கவனிக்கத்தக்கது. பொருளுரிமை இல்லாதவரிடம் தேர்வுரிமை நிலைக்காது என்பது இவ்விணைப்பின் உட்கிடை.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சமச் சொத்துரிமையும் தொழிலுரிமையும் துணையைத் தேரும் உரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. அவ்வியக்கம் நடத்திய திருமணங்களில் வாழ்க்கைத் துணைவர் என்னும் சொல்லாட்சி வழக்கூன்றியது. வள்ளுவர் மனைவிக்கு வழங்கிய துணை என்னும் சொல் இங்கு இருபாலர்க்கும் பொதுவாயிற்று. இத்திருமணங்கள் 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்தால் சட்ட ஏற்புப் பெற்றன.

சட்டத்தின் வேறு படிகளும் உண்டு. 1929ஆம் ஆண்டின் குழந்தைமணத் தடைச்சட்டம் பெண்ணின் குறைந்தபட்ச மணவயதை 14 ஆக்கியது. 1978ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 18 ஆக உயர்த்தியது. வரதட்சிணைத் தடைச்சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு மூன்று வகையில் குறிப்பிடத்தக்கது. மணமாகாத மகளிர்க்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளிக்கும் சட்டத்திருத்தம் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பணியில் மகளிர்க்கு 30 விழுக்காட்டு இடஒதுக்கீடு அறிமுகமாயிற்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் தொடங்கப்பெற்றுப் பெண்ணின் கல்வியோடு பிணைக்கப்பட்டது. அத்திட்டம் 2022இல் உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. திருமணச் செலவுக்கான உதவி கல்விக்கான உதவியாக மாறியமை, பெண்ணின் தகுதி பற்றிய கண்ணோட்ட மாற்றத்தைக் காட்டுகிறது. சொத்துரிமைத் திருத்தம் 2005இல் இந்தியா முழுமைக்கும் உரிய சட்டமாயிற்று.

இவ்வளவுக்குப் பின்னும் நாளிதழ் மணமக்கள் விளம்பரங்களின் சொல்லமைப்பு உட்பிரிவு, நட்சத்திரம், படிப்பு, பணி, வருவாய் என்னும் வரிசையையே பெரிதும் பின்பற்றுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணிபுரியும் மணமகள் தேவை என்னும் குறிப்பு அதில் இடம்பெறலாயிற்று. பெண்ணின் உழைப்பு மதிக்கப்படத் தொடங்கியதன் அடையாளம் இது எனலாம். ஆனால் அவளது சம்பளம் மாதந்தோறும் வரும் வரதட்சிணையாகக் கணக்கிடப்படும் வாய்ப்பையும் மறுப்பதற்கில்லை. சம்பளம் யாருடைய உரிமையில் நிற்கிறது என்பதே இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு. 1990களின் இறுதியிலிருந்து வளர்ந்த இணையவழி மணத்தேடல் சேவைகளில் இக்கூறுகள் சல்லடைகளாக அமைந்துள்ளன. அருள், நிறை, உணர்வு ஆகியவற்றுக்குச் சல்லடை அமைத்தல் எளிதன்று.

முடிவுரை

இவ்வாய்வின்வழி அறியப்படுவன வருமாறு:

1. துணைத்தேர்வில் உழைப்பும் பொருளும் தமிழ் மரபில் தொன்மையானவை. அன்பு மட்டுமே அடிப்படையாக இருந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இலக்கியச் சான்று வலுவாக இல்லை.

2. சங்க காலத்தில் பொருள் தரும் பொறுப்பு ஆணைச் சார்ந்திருந்தது. பொருள் இல்லாதவிடத்து உழைப்பும் திறனும் அதற்கு ஈடாயின. பொருளை மறுத்து ஒப்புமையை வேண்டிய குரல்களும் ஒலித்தன.

3. பொருளின் திசை மாறியதற்குக் காலனியக் காலக் கல்வியும் சம்பளப் பணியும் முதன்மைக் காரணங்கள். வரதட்சிணையைத் தொன்மரபு என்று நியாயப்படுத்துதல் 1426ஆம் ஆண்டளவிலான கல்வெட்டுச் சான்றுக்கு முரணானது.

4. பொருத்தம் பார்க்கும் உரிமை மணமக்களிடமிருந்து விலகியபோது, பழகி அறியத்தக்க அகக்கூறுகள் அளவுகோலிலிருந்து மறைந்தன. எண்ணி அளக்கத்தக்க புறக்கூறுகள் எஞ்சின.

5. பெண்ணின் சொத்துரிமையும் தொழிலுரிமையும் உறுதிப்படும் அளவுக்கே அவளது தேர்வுரிமையும் உறுதிப்படும்.

திரு என்பது செல்வமா, உள்ளத்தின் தகைமையா என்று இளம்பூரணரும் பேராசிரியரும் எழுப்பிய வினா உரைமரபோடு முடிந்துவிடவில்லை. மகளுக்கோ மகனுக்கோ துணை தேடும் ஒவ்வொரு குடும்பமும் அவ்வினாவுக்குத் தன் விடையை அளித்து வருகிறது. பொருத்தம் கூறிய நூற்பாவோடு நின்றுவிடாமல், இருத்தலாகாதவை கூறும் அடுத்த நூற்பாவையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் ஏற்படுமாயின், கடுஞ்சொல்லும் சோம்பலும் குடிப்பெருமையும் இல்லாத துணையைத் தேடுவதே தொல்காப்பிய நெறி என்பது தெளிவாகும்.